கழுத்தில் ஒரு செபமாலை



மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், அளுவிகாரையைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வரும். மிளகும் கொக்கோவும் விளையும் மண் அது. அப்பகுதியின் சிற்றூர்களிலும் தோட்டங்களிலும் கத்தோலிக்கர் சிறு தொகையினரே. ஞாயிறு திருப்பலிக்குப் பேருந்தேறிச் செல்ல வேண்டிய குடும்பங்கள் உண்டு. வகுப்பில் தாம் ஒருவர் மட்டுமே கத்தோலிக்கர் என்னும் நிலையில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. வேலை, திருமணம், அயலவர் பேச்சு என ஏதோ ஒரு வழியில், விசுவாசத்தைச் சற்று ஒதுக்கி வைத்தால் வாழ்க்கை எளிதாகும் என்ற எண்ணம் இவர்களை நெருக்குவதுண்டு. தனித்து நிற்கும் வீட்டில் விசுவாசத்தை எப்படிக் காப்பது? குருவானவர்களாகிய எங்களிடம் பெற்றோர் மனவருத்தத்தோடு கேட்கும் கேள்வி இது.

இக்கேள்விக்கு வாழ்க்கையாலேயே விடை தந்தவர், இத்தீவின் அப்போஸ்தலர் என நாம் போற்றும் புனித யோசப் வாஸ் அடிகளார். அவர் பெயரை அறியாத கத்தோலிக்கர் நம்மிடையே இல்லை. ஆயினும் அவர் இங்கே வந்தபோது யாரைத் தேடி வந்தார், எதைக் கண்டார் என்பதை இன்று சற்று நின்று நோக்குவோம்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் பெனோலிம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். கிறிஸ்தவத்தைத் தழுவிய பிராமண மரபில் வந்த, செல்வாக்குள்ள குடும்பம் அவருடையது. 1676ஆம் ஆண்டு குருவாக அருட்பொழிவு பெற்றார். மறு ஆண்டில் அன்னை மரியாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்து எழுதிக் கையொப்பமிட்டார். சில ஆண்டுகள் கன்னட நாட்டில் பணியாற்றிய பின் கோவாவுக்குத் திரும்பி, செபக்கூட சபையாக உருவெடுத்த குருக்கள் குழுவுக்குத் தலைவரானார். மதிப்பும் அமைதியும் நிறைந்த வாழ்வு அங்கேயே அவருக்குக் காத்திருந்தது. ஆனால் கடலுக்கு அப்பால் மேய்ப்பரின்றித் தவிக்கும் மக்களைப் பற்றிய செய்தி அவரை உறங்கவிடவில்லை.

அந்நாளில் இலங்கையின் நிலை என்ன? 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. பதவி வேண்டுவோர், திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டுவோர், சொத்துரிமையை நிலைநாட்ட வேண்டுவோர் யாவரும் ஆட்சியாளரின் சபையை நாட வேண்டியதாயிற்று. வாள் தலைக்கு மேல் தொங்கியது உண்மை. எனினும் அன்றாடம் மக்களை வாட்டியவை இந்தச் சிறு சிறு கதவடைப்புகளே.

மக்கபேயர் நூலில் வரும் முதியவர் எலயாசரை நீங்கள் அறிவீர்கள். விலக்கப்பட்ட இறைச்சியை உண்பதுபோல் பாசாங்கு செய்தாலே போதும், உயிர் பிழைக்கலாம் என்று நண்பர்கள் அவரிடம் இரக்கத்தோடு கெஞ்சினார்கள். தம்மைப் பார்க்கும் இளைஞர்கள் வழிதவறுவார்களே என்பதற்காக அவர் அதை மறுத்து இறந்தார். ஒல்லாந்தர் காலத்து நம் முன்னோருக்கும் அதே சோதனைதான் வந்தது. வெளியே ஆட்சியாளரின் சபையாராகவும் உள்ளே கத்தோலிக்கராகவும் பலர் வாழ்ந்தனர். அவர்களை எளிதில் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் உள்ளே எரிந்த அந்தச் சிறு திரியும் அணைந்திருந்தால் நாம் இன்று யாராக இருப்போம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நிலையில்தான் 1687ஆம் ஆண்டு யோசப் வாஸ் அடிகளார் இத்தீவில் கால் வைத்தார். உடுப்பில் குருவுக்குரிய அடையாளம் ஏதுமில்லை. கூலியாளைப் போல் வேடம், வெறுங்கால், உடன் வந்தவர் யோவான் என்னும் விசுவாசமுள்ள ஊழியர் ஒருவர் மட்டுமே. பயணத்தின் கொடுமையால் வயிற்றுளைச்சல் கண்டு யாழ்ப்பாணத்தில் சாகும் நிலைக்கு வந்தபோது, இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சி அவர் உயிரைக் காத்தது. தேறியதும் வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். யாரிடம் தம்மை வெளிப்படுத்துவது? தவறான ஒருவரிடம் வாய் திறந்தால் அவருக்குச் சிறை; சோறிட்டவருக்கும் ஆபத்து. ஆகவே கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டார். தட்டில் இடும் பிச்சையை அவர் பார்க்கவில்லை. செபமாலையைக் கண்டதும் யாருடைய கண்கள் கலங்குகின்றன என்பதையே பார்த்தார்.

கண்கள் கலங்கின. இதுவே நாம் மனத்தில் இருத்த வேண்டிய அதிசயம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆலயம் இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு முழுத் தலைமுறை குருவின் முகத்தையே காணாமல் வளர்ந்துவிட்டது. ஆயினும் செபமாலையைக் கண்டு உள்ளம் உருகும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அருள்நிறைந்த மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? விளக்கேற்றியபின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, குரலைத் தாழ்த்திச் செபம் சொன்ன தாய்மாரும் பாட்டிமாரும் அன்றி வேறு யார்? அடிகளார் அணைந்த தீயை மூட்ட வரவில்லை. சாம்பலுக்குள் உயிரோடிருந்த கனலைத் தேடி வந்தார், கண்டார், ஊதினார்.

சில்லாலை மக்கள் அவரைத் தங்கள் நடுவே மறைத்து வைத்துப் பேணினர். பகலில் ஒளிந்திருப்பார், இரவில் திருப்பலி நிறைவேற்றுவார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் வளைத்தனர். அடிகளார் பிடிபடாமல் தப்பினார். மக்களோ கசையடியும் தண்டமும் சிறையும் ஏற்றனர்; அதனால் உயிர் நீத்தோரும் உண்டு. குருவைக் காட்டிக் கொடுத்துத் தம்மைக் காத்துக்கொள்ள அவர்கள் முன்வரவில்லை.

அதன்பின் அவர் புத்தளம் சென்று, 1692இல் கண்டி அரசுக்குள் நுழைந்தார். அங்கே போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற குற்றச்சாட்டின்பேரில் சிறை வைக்கப்பட்டார். சிறையில் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது ஓலைக் குடிசையில் பீடம் அமைத்தார். கடும் வறட்சியில் அவர் செபிக்க மழை பொழிந்ததென்றும், அதன்பின் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரம் அளித்தானென்றும் மரபு கூறுகிறது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் இயன்றவர்களும் நகரைவிட்டு அகன்றனர். அடிகளாரும் உடன் உழைத்த குரு யோசப் கர்வால்யோவும் நோயாளரைச் சாதி சமயம் பாராமல் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கையால் அடக்கம் செய்தனர். விசுவாசத்தில் உறுதி என்பது பிற சமயத்தவரைப் பகைப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தம்மைச் சிறையிட்ட நகரின் புண்களையே அவர் கழுவினார்.

இனி, அவர் செய்த இன்னொரு செயலைக் கவனியுங்கள். ஓர் ஊருக்குச் சென்றால் மீண்டும் எப்போது வருவோம் என்று அவருக்கே தெரியாது. ஆகவே ஊர்தோறும் நம்பிக்கைக்குரிய பொதுநிலையினரைத் தெரிந்து, மக்களைக் கூட்டிச் செபம் சொல்லவும், மறைக்கல்வி கற்பிக்கவும், ஆபத்து வேளையில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் பழக்கினார். நம் ஊர்களில் மூப்பர் என்றும் அண்ணாவியார் என்றும் அழைக்கப்பட்ட பெரியோரின் பணி இவ்வாறு வேரூன்றியது. குரு இல்லாத நாளிலும் திருச்சபை இருக்கும்படி அவர் ஏற்பாடு செய்தார்.

மக்களுக்கு மறைநூலின் செய்தியும் வேண்டியிருந்தது. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அப்பணியைத் தோளில் ஏற்றார். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். தேவ அருள் வேத புராணம் திருவிவிலிய வரலாற்றைத் தமிழ் வீட்டுக்குக் கொண்டுவந்தது. தவக்காலத்தில் நம் முன்னோர் கண்ணீரோடு கேட்ட வியாகுலப் பிரசங்கமும் அவர் தந்ததே. அவை ஓலையில் படியெடுக்கப்பட்டுக் கைமாறின. பலாபத்வலவுக்கு அண்மையிலுள்ள அளுவிகாரையில், வாய்மொழியாகக் காத்துவந்த போதனைகளைப் பஞ்சத்துக்கும் போருக்கும் அஞ்சிப் பௌத்த துறவிகள் ஏட்டில் எழுதினார்கள் என்பது நம் அயலவரின் பெருமைமிகு மரபு. ஒரு மக்கள் எதை உயிராக மதிக்கிறார்களோ அதை முதலில் நெஞ்சில் எழுதுகிறார்கள். பின்னர் ஓலையில் எழுதுகிறார்கள். நெஞ்சில் இல்லாதது ஓலையிலிருந்து என்ன பயன்?

ஆயராக உயர்த்தும் எண்ணம் எழுந்தபோது பணிவோடு விலகிக்கொண்ட அடிகளார், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். வந்த பின் ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அவர் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் பின்னர் அழிந்தது. கல்லறை இருந்த இடத்தை இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிசும் கொழும்பு காலிமுகத் திடலில் முறையே அவரை அருளாளராகவும் புனிதராகவும் உயர்த்தினர். கல்லறை காணாமற் போனாலும் அவர் பேணிய விசுவாசம் காணாமற் போகவில்லை. மாத்தளை மாவட்டத்தின் வாகாக்கோட்டைக்குப் புனித அந்தோனியாரின் திருவிழாவுக்குச் செல்வோர் அதைக் கண்ணால் காண்கிறார்கள். கண்டி மன்னர் காலத்தில் குடியேறிய போர்த்துக்கேயர் வழிவந்தோர் கைவிடாமல் காத்த விசுவாசம் அங்கே இன்றும் வாழ்கிறது.

அன்புக்குரியவர்களே, இன்று நம் கதவைப் படைவீரர் தட்டுவதில்லை. ஆனால் மாலைச் செபம் எத்தனை வீடுகளில் நின்றுவிட்டது? அன்று செபம் சொன்னால் தண்டனை கிடைத்தது, சொன்னார்கள். இன்று தடுப்பார் யாருமில்லை, சொல்வதில்லை. தொலைக்காட்சித் தொடர் முடியட்டும், பிள்ளைக்குத் தனி வகுப்பு முடியட்டும் என்று நாமே தள்ளி வைக்கிறோம். பின்னர் ஒருநாள் அதே பிள்ளை வேலைக்காகவோ திருமணத்துக்காகவோ விசுவாசத்தை எளிதாகக் கைவிடும்போது திகைத்து நிற்கிறோம். பற்றிப் பிடிக்க அவன் கையில் நாம் எதைக் கொடுத்திருந்தோம்?

இன்றிரவே தொடங்குங்கள். விளக்கை ஏற்றி, நற்செய்தியில் ஒரு சிறு பகுதியைப் பிள்ளையே வாசிக்கட்டும். செபமாலையில் ஒரு பத்து மணியையாவது எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். பிறர் முன்னிலையிலும் உணவுக்குமுன் சிலுவை அடையாளம் வரையக் கூசாதீர்கள். நோயுற்ற அயலவர் எச்சமயத்தவராயினும் சென்று பாருங்கள். ஆலயம் தொலைவில் இருக்கலாம். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே வரலாம். உங்கள் வீட்டில் மூப்பரும் அண்ணாவியாரும் நீங்களே.

கழுத்தில் செபமாலையோடு ஒரு பிச்சைக்காரர் இன்று உங்கள் வாசலில் வந்து நின்றால், அதைக் கண்டு கலங்கும் கண்கள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.