19 நாள் கழித்து வந்த தங்கம்: இந்தியக் கால்பந்தின் 'வாத்தியார்' ரஹீம் யார்?

1962 ஆகஸ்ட் 16. திருபுவனை, வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட புதுச்சேரிப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள். அடுத்த 19-வது நாள், செப்டம்பர் 4-ம் தேதி, ஜகார்த்தாவில் இந்தியக் கால்பந்து அணி ஆசியத் தங்கத்தைத் தூக்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அவர்தான் சையத் அப்துல் ரஹீம். அஜய் தேவ்கன் நடித்து 2024-ல் வந்த 'மைதான்' படத்தின் நாயகன் இவர்தான்.

வாத்தியார் கோச் ஆனது எப்படி?

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர் கிளப்பிலும் ஆடினார். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி இவர் கைக்கு வந்தது. அதிலிருந்து தொடர்ந்து 5 வருஷம் ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்குத்தான்!

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்? இங்கதான் வாத்தியார் மூளை வேலை செய்யுது. பந்தை ஒருத்தரே வெட்டி வெட்டி ஓட்டக் கூடாது என்று ஒரு போட்டி நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்கணும் என்று இன்னொரு போட்டி. திட்டுவதை விட விதியை மாத்தினால் பையன்கள் தானா பாஸ் கொடுக்கப் பழகிடுவாங்க என்பதுதான் இதில் இருந்த கணக்கு.

அடியும் பாடமும்

1950-ல் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். அடுத்த வருஷமே டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், ஈரானை 1-0 என வென்று தங்கம். ஆனால் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கிவிட்டது. நம்ம ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடிய மேட்ச் அது.

அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஹங்கேரி. முன்கள வீரர் ஒருவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஆடும் அவர்கள் பாணியை ரஹீம் இந்திய அணிக்கு ஏற்றபடி மாற்றினார். பலன், 1956 மெல்போர்னில் தெரிந்தது. சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தியது இந்தியா. நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாமதான். கடைசியில் 4-ம் இடம்.

1960 ரோமில் பிரான்ஸோடு 1-1 டிரா. பெரு அணிக்கு எதிராக நாம் அடித்தது ஒரே கோல்.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

முதல் மேட்சிலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் காயம், தையல் போட்டார்கள். அரங்கமும் எதிரி ஆகிவிட்டது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்ததால் வந்த கோபம் அது. பாவம், வீரர்கள் என்ன பண்ணுவாங்க?

ரஹீம் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். தையல் போட்ட தலையோடு ஜர்னைலை உட்கார வைக்கவில்லை, முன்களத்துக்கு அனுப்பினார். அரையிறுதியில் அவர் கோல் போட்டார், தெற்கு வியட்நாம் 3-2 என வீழ்ந்தது. இறுதியில் மறுபடியும் அதே தென்கொரியா. காய்ச்சலில் வெளியே இருந்த பீட்டர் தங்கராஜ் கோல் கம்பத்துக்குத் திரும்பினார். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடியவர் அவர். சுமார் ஒரு லட்சம் பேர் கூச்சல் போட, பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்!

பிறகு?

1963 ஜூன் 11-ம் தேதி ரஹீம் காலமானார். அவர் வளர்த்த வீரர்கள் பலர் ஆடிய அணி, 1964 ஆசியக் கோப்பையில் 2-ம் இடம் பிடித்தது. ஆசிய விளையாட்டில் 1970-ல் ஒரு வெண்கலம். அதற்கப்புறம் ஆண்கள் கால்பந்தில் அங்கே நமக்குப் பதக்கமே இல்லை. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஆடியதும் அவர் கூட்டிப்போன அந்த ரோமில்தான்.