ராமானுஜன் வேலையை விட்ட வேளை

வெளிநாடு போகுமுன், பிடிக்காத வேலையை விட்டுவிடலாமா என்று நம் இளைஞர்கள் கேட்கும்போது எனக்குக் கணிதமேதை ராமானுஜன் நினைவுதான் வரும்.

கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர், 1909-ல் மணமானவர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். மனமெல்லாம் கணிதத்தில். ஆனாலும் வேலையை உதறவில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும் அங்கிருந்தபடியேதான். அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்த பிறகே அலுவலகத்திலிருந்து விடுபட்டார்.

ஆசாரம் கருதி முதலில் கடல் கடக்க மறுத்தவர், 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார். கிடைத்த உதவித்தொகையில் மாதம் 60 ரூபாய் குடும்பத்துக்குச் சேர ஏற்பாடாகியிருந்தது.

வேலையை விடுவது தவறல்ல. அடுத்த படியில் கால் ஊன்றிக்கொண்டு, வீட்டாருக்கும் வழிசெய்துவிட்டு விடுங்கள் என்பதே என் பதில்.