பிரான்ஸ் ஷூபர்ட்: இறுதிவரை மாணாக்கர்

மேனாட்டுச் சங்கீத மேதைகளுள் ஒருவராகிய பிரான்ஸ் ஷூபர்ட் என்பவர், 1797-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ந் தேதி வியன்னா நகரின் புறத்தே ஓர் எளிய பள்ளியாசிரியரின் புதல்வராய்ப் பிறந்தார். அறுநூறு பாடல்கள் வரையில் இசையமைத்தவரென்றே பலரும் இவரை அறிவர். ஆயினும், வீட்டுக் கூடத்திற் சிலரே கூடியிருந்து வாசித்தற்குரிய வாத்திய இசையில் இவர் படிப்படியாய் எய்திய தேர்ச்சியே மாணவர் சிறப்பாக அறியத்தக்கது.

பதினோராம் வயதில் இவர் அரண்மனைத் தேவாலயப் பாடகச் சிறுவருள் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பெற்று, நகரத்து விடுதிப் பள்ளியிற் சேர்ந்தார். இசையெழுதும் தாள் வாங்கவும் அந்நாளில் இவர் கையிற் பொருளில்லை. அதனை அறிந்த ஸ்பௌன் என்னும் மூத்த மாணவர் வேண்டிய தாள்களை அன்புடன் உதவிவந்தார். 1812 முதல் அரண்மனை இசைத் தலைவராகிய ஸாலியேரி இவருக்குப் பாடஞ் சொன்னார்.

விடுமுறை நாட்களில் வீட்டில் நால்வர் கூடி வாசிப்பது வழக்கம். தமையன்மாராகிய இக்னாஸும் பெர்டினாண்டும் வயலின் வாசிப்பர். தந்தையார் செல்லோ வாசிப்பார். பிரான்ஸ் வயலினினும் சற்றுப் பெரிதாகிய வியோலாவை வாசிப்பார். தந்தையார் பிழைபட வாசித்தால் இவர் முதன்முறை கேளாதவர்போல் இருப்பார். மறுமுறையும் அது நேருமாயின், எங்கோ ஏதோ தவறிருக்கிறதென்று பணிவோடு கூறுவாராம். இளமையில் இவர் எழுதிய நால்வர் இசைகள் பல இக்குடும்பத்தார் வாசித்தற்கென்றே எழுந்தவை. அவற்றுட் செல்லோவின் பகுதி பெரும்பாலும் எளிதாகவே அமைந்திருந்தது.

1813-ல் இவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தனர். ஆனால் பின்தங்கிய பாடங்களிற் சீர்ப்பட வேண்டுமென்பது நிபந்தனை. இவரோ அதனை விடுத்துப் பள்ளியினின்றும் நீங்கி, 1814-ல் தந்தையார் பள்ளியில் உதவியாசிரியராய் அமர்ந்தார். சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் தொழிலின் இடையிலும் எழுதுகோல் ஓயவில்லை.

1820-ல் ஒரு நால்வர் இசையைத் தொடங்கி, முதற் பகுதியை முடித்து, இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார். 1823-ல் கொடிய நோய் வந்துற்றது. அத்துன்பத்தினின்றும் முழுதும் மீளாத நிலையிலேயே, 1824-ல் இரண்டு சிறந்த நால்வர் இசைகளை இயற்றினார். அவற்றுள் ஒன்றை ஷுப்பான்ஸிக் என்னும் வித்துவானுடைய குழுவினர் அவ்வாண்டே சபையில் வாசித்தனர். இவர் வாழ்நாளில் அச்சேறிய நால்வர் இசை அஃதொன்றே. பெரிய வாத்தியக் குழுவிற்குரிய இசைக்கு இவற்றின் வழியாகவே செல்லக் கருதுவதாக அவ்வாண்டில் ஒரு நண்பருக்கு எழுதினார்.

1828-ல் ஐவர் வாசித்தற்குரிய இசையொன்றை இயற்றி, அதில் இரண்டு செல்லோக்களை அமைத்தார். தந்தையார் கைக்கு எளிதாக்கப்பட்ட அவ்வாத்தியம் இப்பொழுது நெஞ்சையுருக்கும் இன்னிசை பாடிற்று. அதனைப் பதிப்பாளர் ஏற்றிலர். 1850-ல் சபையேறி, 1853-லேயே அச்சாயிற்று.

அதனை முடித்த பின்னரும் தம் கல்வி நிறைந்ததென்று இவர் கருதவில்லை. பல குரல்களை ஒன்றோடொன்று இயைத்து நடத்தும் முறையில் தமக்குக் குறையுண்டென எண்ணி, நவம்பர் 4-ந் தேதி ஸெக்டர் என்னும் ஆசிரியரிடம் பாடங் கேட்கச் சென்றார். இரண்டாம் பாடம் நிகழவில்லை. நவம்பர் 19-ந் தேதி, முப்பத்தோராம் வயதில், தமையனார் பெர்டினாண்டின் இல்லத்தில் உயிர் நீத்தார்.

பட்டம் பெற்ற அன்றே கல்வி முற்றிற்றென்று எண்ணும் நமக்கு, இப்பெரியார் கேட்ட அந்த ஒரு நாட் பாடமே போதிய போதனையாகும்.