ரமன் லம்பா: நடந்து வந்தவர் திரும்பவில்லை

1998 பிப்ரவரி 20. டாக்காவில் உள்ளூர் லீக் ஆட்டம். அபஹானி அணியும் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியும் மோதினால் அந்த நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். அபஹானிக்காக ஆடிக்கொண்டிருந்தார் இந்திய வீரர் ரமன் லம்பா.

1960-ல் மீரட்டில் பிறந்து, டெல்லி அணிக்காக ரன்களைக் குவித்தவர் அவர். 1986-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரில் அறிமுகமாகி, அதிலேயே தொடர் நாயகன் விருதும் பெற்றார். 1987-ல் துலீப் கோப்பையில் 320 ரன் அடித்தார். இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது 4 டெஸ்டுகளும் 32 ஒருநாள் போட்டிகளும்தான். இன்னும் வாய்ப்பு கொடுத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. இந்திய அணியில் இடம் போன பிறகும் ஆட்டத்தை விடாமல் அயர்லாந்து, வங்கதேசம் என்று போய் ஆடினார். டாக்கா ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள்.

அன்று ஓவரில் சில பந்துகளே மீதம் இருந்தன. பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நிற்க வந்த லம்பா ஹெல்மெட் போட்டுக்கொள்ளவில்லை. மெஹ்ராப் ஹுசைன் ஓங்கி அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்து விக்கெட் கீப்பர் காலித் மசூதின் கைக்குப் போனது. பேட்ஸ்மேன் அவுட்.

லம்பா எழுந்தார். தானே நடந்து உடைமாற்றும் அறைக்குப் போனார். பார்த்தவர்களுக்குப் பெரிய அடியாகத் தெரியவில்லை. சற்று நேரத்தில் உடல்நிலை மோசமாகி நினைவிழந்தார்.

இப்படி நடப்பது அபூர்வமல்ல. தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்குள் இரத்தக்குழாய் கிழிந்தால் இரத்தம் மெல்லக் கசிந்து சேரும். ஆரம்பத்தில் ஆள் நன்றாகப் பேசுவார், நடப்பார். வயிற்றில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. மண்டையோடு விரிந்து கொடுக்காது. இரத்தம் சேரச் சேர மூளை நசுங்கும், கீழ்நோக்கித் தள்ளப்படும். மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் அடிப்பகுதி அழுத்தப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் எடுத்துக் கட்டியைக் கண்டுபிடித்து, விரைவாக அறுவை சிகிச்சை செய்து அகற்றுவதே வழி.

லம்பாவுக்கும் டாக்காவில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனாலும் நினைவு திரும்பாமலே பிப்ரவரி 23 அன்று, 38 வயதில் இறந்தார். அயர்லாந்தைச் சேர்ந்த மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் தவித்துப் போனார்கள்.

நம் பிள்ளைகள் தெருவிலும் திடலிலும் ஆடுகிறார்கள். தலையில் அடிபட்டவன் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அன்று மறுபடி ஆட விடாதீர்கள். ஒரு நாளாவது கூடவே ஒருவர் இருந்து கவனியுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, வலிப்பு: இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவருக்குப் பதிலாக இன்னொருவரை முழுமையாக ஆட அனுமதிக்கும் விதி சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019-ல்தான் வந்தது. அப்போது லம்பா இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.