கேள்வி கேட்ட நரேந்திரன்

கடவுள் உண்மையிலேயே இருக்காரான்னு கேட்டா, நம்ம வீட்டுப் பெரியவங்க பலருக்கு முகம் மாறிடும். 1863-இல் கல்கத்தாவில் பிறந்த நரேந்திரனுக்கும் இதே கேள்விதான். கல்லூரியில் மேலைத் தத்துவம் படித்தவர். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, உருவ வழிபாட்டை ஏற்காமல் இருந்தவர். கடவுளைப் பார்த்ததுண்டா என்று தேவேந்திரநாத் தாகூரிடமே போய்க் கேட்டார். நேரான பதில் கிடைக்கவில்லை.

தட்சிணேஸ்வரத்தில் ராமகிருஷ்ணரிடமும் அதையே கேட்டார். பார்த்திருப்பதாக அவர் சொன்னார். நரேந்திரன் உடனே நம்பிவிடவில்லை, வருஷக்கணக்கில் வாதாடினார். குரு கோபப்படவில்லை; தன்னையே சோதித்துப் பார்க்கச் சொன்னார்.

1884-இல் அப்பா இறந்தார். வீட்டில் சோத்துக்கே கஷ்டம். கடவுள் மேல் வந்த சந்தேகத்தை நரேந்திரன் யாரிடமும் மறைக்கவில்லை. நாத்திகன் என்று ஊர் பேசியது. குரு மட்டும் கைவிடவில்லை. பிறகு, தான் மறுத்த காளியையே நரேந்திரன் ஏற்றுக்கொண்டார்.

அவர்தான் விவேகானந்தர். 1893-இல் சென்னை இளைஞர்கள் பணம் திரட்டித் தர, கப்பலேறி, நம்ம பினாங்கு வழியாகத்தான் சிகாகோ போனார்.

தஞ்சோங் காராங் தோட்டத்துக் கோயில்ல ஒரு தம்பி தனக்கு நம்பிக்கை இல்லைன்னு சொன்னா, விரட்டாதீங்க. பக்கத்துல உட்கார வைங்க. அவன் சொல்றதை முழுசா கேளுங்க. அப்புறம், நீங்க எதை நம்புறீங்க, ஏன் நம்புறீங்கன்னு சொல்லுங்க.