சுத்தியலில் உண்மை கண்டவர்

விளையாட்டு விஞ்ஞானம் பயிலும் மாணவன் நான். எங்கள் துறையின் முன்னோடிகளுள் நான் மிகவும் போற்றுபவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கலாய் பெர்ன்ஷ்டைன்.

1896இல் மாஸ்கோவில் பிறந்த அவர் மருத்துவம் பயின்றார். 1922இல் அந்நகரத்து மத்தியத் தொழிலாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தொழிலாளியின் கைமூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, அவன் சுத்தியலால் அடிப்பதைப் படம் பிடித்தார். என்ன கண்டார்? சுத்தியல் இலக்கைத் தவறாமல் தாக்கிற்று. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒருமுறை அசைந்தவாறே மறுமுறை அசையவில்லை! பழகுவது என்பது ஓர் அசைவை மனப்பாடம் செய்வதன்று. ஒவ்வொரு முறையும் வழியைப் புதிதாகக் காண்பதே என்று அவர் தெளிந்தார்.

1947இல் வெளிவந்த அவரது நூலுக்கு மறு ஆண்டே ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஆயினும் அவர் கருத்து பாவ்லவின் கொள்கைக்கு மாறானது என்று எதிர்ப்புக் கிளம்பிற்று, பதவி பறிபோயிற்று. கொள்கையை மட்டும் அவர் விடவில்லை. லாவகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அச்சேறாமலே கிடந்தது. 1966இல் அவர் மறைந்தார். அந்நூல் வெளிவந்ததோ 1991இல்!

தேர்வுக்கு நெட்டுருப் போடும் நமக்கு, அவர் ஆராய்ச்சியும் ஒரு பாடம்; அவர் வாழ்வும் ஒரு பாடமன்றோ!