ஓடும் குதிரையை நிற்க வைத்தவர்



நம்ம விளையாட்டு விழாவுல நீளம் தாண்டுதலை எத்தனையோ பேர் படம் எடுத்தோம். பாதிக்கு மேல் புகை மாதிரி கலங்கல்! நானும் அப்படி எடுத்தவன்தான். கை ஆடிடுச்சுன்னு நினைச்சேன். காரணம் அது மட்டுமல்ல என்று எனக்குப் புரிய வைத்தது, 1904-லேயே மறைந்துபோன ஒருவரின் வாழ்க்கை. அவர்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ்.

1830 ஏப்ரல் 9 அன்று இங்கிலாந்தில் உள்ள கிங்ஸ்டனில் பிறந்தார். இளம் வயதில் அமெரிக்கா சென்று, சான்பிரான்சிஸ்கோவில் புத்தக வியாபாரம் செய்தார். 1860-ல் பயணம் செய்த குதிரை வண்டி விபத்தில் தலையில் பலத்த அடி. இங்கிலாந்து போய் உடல் தேறியவர், புகைப்படக்காரராக அமெரிக்கா திரும்பினார். யோசெமிட்டி பள்ளத்தாக்குப் படங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

1872-ல் ரயில்வே அதிபரும் கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னருமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு அவரை அழைத்தார். ஓடுற குதிரையோட நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புமா, எழும்பாதா? இதுதான் கேள்வி. வெறும் கண்ணால் இதைத் தீர்க்க முடியாது. முதலில் எடுத்த படங்களில் தெளிவு போதவில்லை. நடுவில் பெரிய சறுக்கல் வேறு. 1874-ல் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார். 1875-ல் ஜூரிகள் அவரை விடுதலை செய்தனர். அந்த ரத்தக்கறையை மறைத்து அவர் கதையைச் சொல்ல முடியாது.

மீண்டும் வேலைக்கு வந்தார். 1878 ஜூன் மாதம், பாலோ ஆல்டோவில் ஓடுபாதை ஓரம் வரிசையாக 12 கேமராக்கள். குறுக்கே நூல்கள். குதிரை நூலை இழுத்ததும் மின்சாரம் ஷட்டரை விடுவிக்கும். அந்த அமைப்புக்கு உதவியவர் ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே பொறியாளர். ஷட்டர் திறந்திருந்தது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குத்தான். அந்தக் காலத் தகடுக்கு அவ்வளவு சொற்ப வெளிச்சம் போதுமா? அதற்காகத்தான் நல்ல வெயில், எதிரே வெள்ளைத் திரை!

பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே எடுத்தார். சேணத்தின் வார் அறுந்தது. அதுவும் படத்தில் விழுந்தது. இனி யார் சந்தேகப்படுவார்கள்? நாலு காலும் எழும்புகின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி நீட்டியபடி அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கியபடி!

நமக்கும் கணக்கு அதேதான். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் 16 என்றால் ஷட்டர் 1/125 சரியாக வரும். தாண்டுபவரை நிறுத்த 1/1000 வேண்டும். நேரம் எட்டில் ஒரு பங்காகிவிட்டது, வெளிச்சமும் அப்படியே. அதனால் அபெர்ச்சரை 11, 8, 5.6 என மூன்று படி திறக்கணும். சாயங்காலம் சூரியன் அண்ணாமலைக்குப் பின்னாடி இறங்கினதும் ஊருக்குள்ள வெளிச்சம் சீக்கிரமே குறைஞ்சிடும். அப்போ ஐ.எஸ்.ஓ.வை ஏத்தணும், படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை. இன்னொன்று, ஆளைத் துரத்தாதீங்க. மணல் குழியில் முன்கூட்டியே ஃபோகஸ் வெச்சுக் காத்திருங்க. மைபிரிட்ஜின் நூல் செய்த வேலையும் அதுதானே!

1882-ல் ஸ்டான்ஃபோர்டு அந்தக் குதிரைப் படங்களைப் புத்தகமாக்கினார். அட்டையில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி அவர் கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தியது. வழக்குப் போட்டும் ஜெயிக்கவில்லை. எங்க அப்பா கொத்தனார். அவர் கட்டின எந்தக் கட்டிடத்தோட கல்வெட்டுலயும் அவர் பேர் கிடையாது. அதனாலதான் இந்த இடம் எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

ஆனால் அவர் முடங்கிப் போகவில்லை. 1884-லிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஓடுபவர், தாண்டுபவர், கிரிக்கெட் மட்டை வீசுபவர் என எல்லோரையும் எடுத்தார். 1887-ல் 781 தகடுகள் கொண்ட பெரும் தொகுப்பு, அவருடைய பெயரிலேயே வந்தது. 1904 மே 8 அன்று பிறந்த ஊரிலேயே காலமானார். இன்று உலகம் அந்தக் குதிரையை அவர் பெயரால்தான் அறிகிறது.

தோழர்களே, அடுத்த விழாவில் ஷட்டரைப் பார்த்து வையுங்கள். மலரில் படம் வரும்போது, எடுத்தவர் பெயரையும் மறக்காமல் போடுவோம்!